கஞ்சமலை உருக்கும் மாணவர் ஆய்வேடுகளும்

சேலம் நகருக்கு மேற்கே நிற்கும் கஞ்சமலை காந்த இரும்புத் தாது செறிந்த மலை. சேலம், நாமக்கல் சமவெளியைச் சூழ்ந்துள்ள கோதுமலை, தலைமலை, கொல்லிமலைத் தொடர் ஆகியவற்றிலும், வடக்கே தீர்த்தமலையிலும் அதே தாதுப் படுகைகள் உள்ளன. 1970இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1980களின் தொடக்கத்தில் இயங்கத் தொடங்கிய சேலம் உருக்காலை இம்மலையை நம்பியே திட்டமிடப்பட்டது. ஆயினும் அது வெளியிலிருந்து வந்த எஃகைத் தகடாக்கும் ஆலையாகவே தொழிலைத் தொடங்கியது. மலையடியில் ஆலை நின்றும் மலையின் தாது உலைக்குப் போகவில்லை என்பது இவ்வட்டாரத்தார் நன்கறிந்த வேடிக்கை.

இந்த இரும்புக்கு இன்னொரு புகழும் சொல்லப்படுவதுண்டு. அரபு உலகின் டமாஸ்கஸ் வாள்கள் சேலத்து உருக்கால் ஆனவை என்று மேடைகளிலும் மலர்களிலும் நாம் பலகாலும் கேட்டும் படித்தும் வருகிறோம். கேட்பதற்கு இனிமையான செய்தி இது. எனினும் இதற்குச் சான்று யாது என்று வினவுவோர் அரியர். இவ்வினாவுக்கு விடை தேட இன்று நமக்குப் பெரிதும் உதவுவன, பட்டம் பெறும்பொருட்டு மாணவர் சிலர் மேற்கொண்ட ஆய்வுகள் என்பதையும், அம்மாணவர் மூவர் ஒரே பல்கலைக்கழகத்தில் பயின்றவர் என்பதையும் ஈண்டு எடுத்துரைக்க விழைகிறோம்.

முதலில் நூற்சான்றைக் காண்போம். அரபு மொழியில் 'முஹன்னத்' என்பது வாளைக் குறிக்கும் சொல். 'ஹிந்த்' என்னும் நாட்டுப் பெயரிலிருந்து பிறந்தது அது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முன்னிலையில் கஅப் இப்னு ஸுஹைர் (ரலி) பாடிய புகழ்மாலையிலும் இச்சொல் ஆளப்பட்டுள்ளது. ஹிஜ்ரி 3ஆம் நூற்றாண்டில், கலீஃபா அல்முஃதஸிம் (ஆட்சி கி.பி. 833–842) அவர்களுக்காகத் தத்துவ மேதை அல்கிந்தி வாள்களைப் பற்றித் தனியே ஒரு நூல் யாத்தார். இரும்பின் வகைகள், எஃகு பிறக்கும் முறை, வாளின் உடலில் நீரோட்டம்போல் தோன்றும் 'ஃபிரிந்த்' எனும் வரிகள், எந்நாட்டு எஃகு எந்நாட்டில் வாளாக அடிக்கப்பட்டது ஆகியவற்றை அவர் வகைப்படுத்திக் கூறுகிறார். சரந்தீப் என்று அரபியர் வழங்கிய இலங்கையின் எஃகு அதில் பெயர் சுட்டிக் குறிக்கப்பட்டுள்ளது. சேலம் என்றோ கொங்கு என்றோ பெயர் ஏதும் இல்லை. இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின் அல்பிரூனியும் தம் மணிநூலில் இரும்பைப் பற்றி விரித்தெழுதினார். இந்நூல்கள் நம் மதரஸாக்களின் பாடத்தில் இடம்பெறுவதில்லை; உலோகவியல் பயிலும் நம் மாணவர்க்கோ அரபு தெரியாது. இவ்விரு சாராருக்கும் இடையிலுள்ள சுவரே நம் கட்டுரையின் உண்மையான பொருள் எனலாம்.

அடுத்துச் சேலத்தின் சான்று. சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கும்பினியின் பணியிலிருந்து 1825இல் விலகிய ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர், 1830இல் பறங்கிப்பேட்டையில் இரும்பாலை ஒன்றைத் தொடங்கினார். மஹ்மூது பந்தர் எனும் பெயரும் தாங்கி, மரைக்காயர் கப்பல் தொழிலால் சிறந்த அதே துறைமுகம்தான். சேலத்துத் தாது அங்குக் கொண்டுசெல்லப்பட்டது. ஆலை நிலைக்கவில்லை, ஆனால் உள்நாட்டுக் கொல்லர் உருக்குச் செய்த முறையை ஹீத் கூர்ந்து நோக்கி 1839இல் ராயல் ஆசியக் கழகத்தின் இதழில் எழுதிவைத்தார். தேனிரும்பைச் சிறு துண்டுகளாக வெட்டி, அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு உலர்ந்த ஆவாரங் குச்சியை நறுக்கிச் சேர்த்து, மண் மூசையில் இட்டு, எருக்கிலை போன்ற இலைகளால் மூடிக் களிமண்ணால் வாயை அடைப்பர். இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை ஓர் உலையில் அடுக்கி ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதுவர். ஆற வைத்து மூசையை உடைத்தால் உள்ளே உருக்குக் கட்டி இருக்கும். வேலியோரத்து ஆவாரையும் எருக்கும் சேர்ந்து செய்த வேலை இது! குச்சியிலுள்ள கரிமம் இரும்பில் ஏறி, உருகும் வெப்பநிலையைத் தாழ்த்தி, இரும்பை எஃகாக்குகிறது என்பது இன்றைய விளக்கம். 'வூட்ஸ்' என்ற பெயரில் இவ்வெஃகை ஆராய்ந்த மைக்கேல் ஃபாரடே கூட, 1820ஐ ஒட்டிய ஆண்டுகளில், அதன் சிறப்புக்கு அலுமினியமே காரணம் என்று எண்ணினார். அவரும் ஒரு கொல்லரின் மகன்.

ஆனால் ஹீத் கண்டது 19ஆம் நூற்றாண்டின் தொழிலை. அல்கிந்தி எழுதியதோ ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட வணிகத்தை. இடையிலுள்ள பெரும் பள்ளத்தை ஏட்டால் நிரப்ப இயலாது. மண்ணைத் தோண்டித்தான் நிரப்ப வேண்டும். இங்குதான் மாணவர் வருகின்றனர்.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் தொல்லியல் நிறுவனத்தில் முனைவர் பட்டத்துக்குப் பயின்ற ஜில் ஜுலெஃப், இலங்கையின் பலாங்கொடைப் பகுதியில் சமனலவெவ அணைக்காக நீரில் மூழ்கவிருந்த நிலத்தை ஆராய்ந்தார். மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில் வரிசையாக இரும்புலைகள் வெளிப்பட்டன. துருத்தி இன்றி, தென்மேற்குப் பருவக்காற்றின் வேகத்திலேயே அவை எரிந்தன என்பது அவர் துணிபு. ஏட்டளவில் நில்லாது, 1994இல் அதேபோன்ற உலையைக் கட்டி, காற்றுக்குக் காத்திருந்து, இரும்பு உருக்கிக் காட்டினார். 1996இல் 'நேச்சர்' இதழ் அதனை வெளியிட்டது. அவ்வுலைகளின் காலம் கி.பி. 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை. அல்கிந்தி சரந்தீப் எஃகைக் குறித்த காலமும் அதனுள் அடங்குகிறது. அரபு ஏடும் இலங்கை மண்ணும் ஒன்றையொன்று கண்டுகொண்ட தருணம் அது.

அதே நிறுவனத்தில் சாரதா ஸ்ரீநிவாசன் எடுத்துக்கொண்ட தலைப்பு தென்னிந்தியச் செப்புத் திருமேனிகள். மும்பை ஐ.ஐ.டி.யில் பொறியியல் இயற்பியலும், பின்னர் இலண்டனில் கலையும் பயின்றவர் அவர். உருக்கு அவர் தலைப்பில் இல்லை. களப்பயணத்தில், அன்றைய தென்னார்க்காட்டைச் சேர்ந்த மேல்சிறுவலூரில், உருக்கு மூசைகளின் உடைந்த ஓடுகளைக் கண்டார். ஓட்டில் ஒட்டியிருந்த நுண் உலோகத் துளிகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது அவை கரிமம் மிகுந்த எஃகு எனத் தெளிவாயிற்று. அந்நிறுவனத்தின் ஆய்வு மாணவர்களே நடத்திய இதழில் 1994இல் அக்கட்டுரை வெளிவந்தது. சேலத்தின் கிழக்கே கல்வராயன் மலைக்கு அப்பால் உள்ளது அவ்வூர். தலைப்புக்குப் புறம்பானது என்று அவர் அந்த ஓட்டைத் தாண்டிப் போயிருந்தால் நமக்கு அச்சான்று கிடைத்திராது.

மூன்றாமவர் ஆன் ஃபாயர்பாக். கலீஃபா அல்மஃமூன் முதலில் தலைநகராகக் கொண்டிருந்த மர்வ் நகரத்தின் அகழாய்வில், கி.பி. 9–10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த உருக்குப் பட்டறை ஒன்று வெளிப்பட்டது. அங்குக் கிடைத்த மூசைகளை ஆராய்ந்து 2002இல் அவர் ஆய்வேடு அளித்தார். இதன் விளைவு நம் மேடைப் பேச்சாளர்க்கு உவப்பாக இராது. முஸ்லிம் உலகின் கொல்லர்கள் இந்திய உருக்கை மட்டும் எதிர்பார்த்திருக்கவில்லை. தம் ஊரிலேயே மூசை உருக்கு வார்த்தனர். எல்லா வாளும் சேலத்ததே என்ற கூற்று இதனால் வீழ்கிறது. இது நமக்கு இழப்பன்று என்றே கருதுகிறோம். ஒருபக்கம் தாது விற்றவரும் மறுபக்கம் வாங்கியவரும் என்ற சிறு கதை போய், கொங்கு முதல் குராசான் வரை ஒரே கலையை வெவ்வேறு மண்ணில் பயின்ற கைவினைஞர்களின் பெருங்கதை வந்திருக்கிறது. அல்கிந்தியின் அரபு மூலத்தைப் பின்னர் ஆங்கிலத்தில் ஆக்கியவர்களும் இருவர்: அரபு வரலாற்றறிஞர் ராபர்ட் ஹோய்லண்டும் உலோகவியலாளர் பிரையன் கில்மரும். 2006இல் அந்நூல் வந்தது. ஒருவர் தனித்துச் செய்யக்கூடிய பணியன்று அது.

நம் நாட்டிலும் முயற்சி இல்லாமல் இல்லை. நொய்யற்கரைக் கொடுமணலில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் நடத்திய அகழாய்வில் சங்க கால இரும்புலைகள் வெளிப்பட்டன, பேராசிரியர் கா. ராஜன் பின்னர் புதுவைப் பல்கலைக்கழகத்தின் சார்பில் 2012இலும் 2013இலும் அங்கே தொடர்ந்து அகழ்ந்தார். ஆனால் கொடுமணலுக்கும் ஹீத்துக்கும் இடையே ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் கிடக்கின்றன. சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் 1997இல் தோன்றியது. அதே ஆண்டில்தான் நாமக்கல் தனி மாவட்டமாயிற்று. மலையும் கசடும் கண்ணெதிரே இருக்க, நிலவியல் மாணவன் தாதுவைப் பற்றியும், வரலாற்று மாணவன் கோட்டையைப் பற்றியும், அரபு பயின்றவன் இலக்கணத்தைப் பற்றியும் தனித்தனியே ஏடெழுதினால், மூன்றும் வெவ்வேறு அலமாரிகளில் உறங்கும்.

செய்ய வேண்டிய பணி பெருஞ்செலவுடையதுமன்று. தென்னாட்டு உருக்கு மூசைகள் களிமண்ணோடு நெல் உமி கலந்து பிசையப்பட்டவை. உலைச் சூட்டில் அவ்வுமி கரியாகி ஓட்டின் கருமைக்குள் தங்கிவிடுகிறது. மர்வ் நகரத்து மூசைகளோ வெளிர்நிறக் களிமண்ணால் ஆனவை. ஆகவே ஓடு ஒன்றைக் கையில் எடுத்த மாத்திரத்தில் அது எம்மரபினது என்று ஓரளவு சொல்லலாம். கரியான உமியைக் கரிமக் காலக்கணிப்புக்கு உட்படுத்தினால் ஆண்டும் தெரியும். கஞ்சமலை அடிவாரத்திலோ தலைமலைச் சரிவிலோ கிடைக்கும் ஓர் ஓட்டின் உமி, அல்முஃதஸிமின் காலத்தைக் காட்டுமா, கும்பினியின் காலத்தைக் காட்டுமா? ஒரு மாணவரின் இரண்டாண்டு உழைப்புக்குள் அடங்கக்கூடிய கேள்வி இது.