ஜட்சன் கதையில் நாம் சொல்லாமல் விடும் பகுதி

நீளமான பதிவு. பாதியில் நிறுத்திவிட்டு 'அருமை சார்' என்று போட்டுவிட்டுப் போகிற என் பழைய மாணவர்கள் இந்த ஒரு முறையாவது கடைசிவரை படியுங்கள்.

போன ஞாயிறு ஆராதனையில், வெளியூரிலிருந்து வந்த இளம் போதகர் ஒருவர் பர்மாவுக்குப் போன மிஷனெரி அதோனிராம் ஜட்சனின் கதையைச் சொன்னார். கப்பல், சிறைச்சாலை, தலையணைக்குள் வேதாகமம், கடைசியில் ஜெயம். பத்து நிமிஷம். சபையில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நன்றாகத்தான் சொன்னார், குறை சொல்லவில்லை. ஆனால் 32 வருஷம் வரலாறு நடத்தியவனுக்கு, ஒரு புத்தகத்தின் நடுப்பக்கங்களைக் கிழித்துவிட்டு முன்னையும் பின்னையும் ஒட்டிக் கொடுத்தால் தெரிந்துவிடும். அன்றைக்குக் கிழிந்துபோன பக்கங்களில் ஒரு பெண் இருந்தார். அவர் போன பிறகு மூன்று வருஷம் ஜெபிக்க முடியாமல் கிடந்த ஒரு மனுஷனும் இருந்தார்.

அந்தப் பெண் ஆன் ஹாசெல்டைன். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணத்து பிராட்ஃபோர்ட் ஊர்க்காரர். பள்ளி ஆசிரியை (நம்ம ஜாதி!). அவரைப் பெண் கேட்டு ஜட்சன் அவர் அப்பாவுக்கு எழுதிய கடிதம் இன்றைக்கும் கிடைக்கிறது. அதில் இருப்பது மாப்பிள்ளை வீட்டுப் பேச்சே இல்லை. உங்கள் மகளை இந்த உலகத்தில் இனிமேல் பார்க்கமாட்டீர்கள், கடலும் வெயிலும் வியாதியும் ஒருவேளை கொடூரமான சாவும்கூட அவளுக்கு வரலாம், சம்மதமா என்று கேட்கிறார். மூன்று பெண்களைப் பெற்ற தகப்பனாகச் சொல்கிறேன், நான் அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பேன். ஹாசெல்டைன் ஐயா முடிவை மகளிடமே விட்டுவிட்டார். ஆன் சம்மதித்தார்.

1812 பிப்ரவரி 5ஆம் தேதி கல்யாணம். 19ஆம் தேதி சேலம் துறைமுகத்திலிருந்து கேரவன் என்ற கப்பலில் கிளம்பிவிட்டார்கள் (நம்ம சேலம் இல்லை, அவர்களுக்கும் ஒரு சேலம் உண்டு). மாப்பிள்ளைக்கு வயது 23, பெண்ணுக்கு 22. கூடவே சாமுவேல் நியூவெல், அவர் மனைவி ஹேரியட். ஹேரியட்டுக்கு 18 வயது.

ஜூனில் கல்கத்தா. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மிஷனெரிகளைக் கண்டால் ஆகாது, வெளியே போ என்றது. இதற்கிடையில் ஜட்சன் தம்பதியர் இன்னொரு காரியமும் செய்தார்கள். கப்பலில் வேதத்தைப் படித்துக்கொண்டே வந்தவர்கள், குழந்தை ஞானஸ்நானம் சரியில்லை என்ற முடிவுக்கு வந்து, செப்டம்பரில் கல்கத்தாவில் பாப்டிஸ்டுகளாக முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டார்கள். அவர்களை அனுப்பியது காங்கிரகேஷனல் சபையின் சங்கம். மனசாட்சிக்காக எடுத்த அந்த ஒரே முடிவில் சம்பளம், ஆதரவு, ஊர்ச் சிநேகம் எல்லாம் போயிற்று. அந்நிய தேசத்தில், கையில் ஒன்றும் இல்லாமல், துரத்துகிற அரசாங்கத்துக்கு நடுவில் அதைச் செய்தார்கள். விசுவாசம் என்று நாம் சுலபமாகச் சொல்லும் சொல்லுக்கு அன்றைக்கு இருந்த விலை அது. அவர்களோடு அதே முடிவை எடுத்த லூத்தர் ரைஸ் அமெரிக்கா திரும்பி, ஊர் ஊராகப் போய் ஆதரவு திரட்ட, 1814இல் அங்கே பாப்டிஸ்ட் சபைகள் ஒரு சங்கமாகக் கூடின.

கம்பெனி துரத்தியதால் மொரீஷியஸ். அங்கே இறங்கியபோது ஹேரியட் நியூவெல் இல்லை. முன்னால் போன கப்பலில் பிரசவமாகி, குழந்தையும் இறந்து, அவரும் 1812 நவம்பர் 30ஆம் தேதி இறந்துவிட்டிருந்தார். வயது 19. இந்தப் பெண்ணை எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை.

அங்கிருந்து நம்ம மதராஸ். 1813 ஜூனில் வந்து இரண்டு மூன்று வாரம் தங்கினார்கள். இங்கேயும் இருக்க விடமாட்டார்கள் என்ற பயம். துறைமுகத்தில் உடனே கிளம்ப இருந்த கப்பல் ரங்கூன் போகிறது என்று தெரிந்ததும் ஏறிவிட்டார்கள். அவர்கள் பர்மாவுக்குப் போனதே இப்படித்தான், வேறு கப்பல் இல்லாததால். பிரசவ உதவிக்கென்று மதராசில் அமர்த்திய பெண் கப்பல் ஏறின கொஞ்ச நேரத்திலேயே விழுந்து இறந்துபோனார். நடுக்கடலில் ஆனுக்குப் பிரசவம் ஆயிற்று, குழந்தை செத்தே பிறந்தது. ஜூலை 13ஆம் தேதி ரங்கூனில் கரை சேர்ந்தபோது ஆனால் நடக்க முடியவில்லை.

ரங்கூன் என்றதும் எங்கள் பெரியப்பா ஞாபகம் வருகிறது. 1942இல் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது அங்கிருந்து நடந்தே வந்தவர்களில் ஒருவர். சாகும்வரை பர்மியப் பாஷையில்தான் எண்ணுவார். அந்தப் பாஷையைத்தான் ஜட்சனும் ஆனும் அகராதி எதுவும் கையில் இல்லாமல், ஒரு பொருளைக் காட்டி ஆசிரியர் சொல்வதை எழுதி எழுதிக் கற்றார்கள். பேச்சுவழக்கில் ஆன்தான் முந்திவிட்டார், வீட்டு வேலைக்காரர்களோடும் சந்தைக்காரர்களோடும் பேசியே ஆகவேண்டியிருந்தது அல்லவா. சயாம் பாஷையும் கற்று மத்தேயு சுவிசேஷத்தை அதில் பெயர்த்தார்.

1815இல் ரோஜர் வில்லியம்ஸ் என்று ஒரு மகன். எட்டு மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டான். முதல் பர்மியர் ஞானஸ்நானம் எடுத்தது 1819 ஜூனில், அவர் பெயர் மவுங் நாவ். ஆக, கரை இறங்கி ஆறு வருஷம், ஒரு பிள்ளை நடுக்கடலில், ஒரு பிள்ளை ரங்கூன் மண்ணில். அதற்குப் பிறகுதான் ஒரே ஒரு ஆத்துமா.

இதற்கு நடுவில் நடந்த ஒன்றை விடமுடியவில்லை. 1817 டிசம்பரில் ஜட்சன் சிட்டகாங் போகக் கப்பல் ஏறினார். பத்துப் பன்னிரண்டு நாள் பயணம். காற்று மாறி, கப்பல் சோழமண்டலக் கரைப் பக்கம் ஒதுங்கி, மசூலிப்பட்டினத்தில் இறங்கி, பல்லக்கில் மதராஸ் வந்து, திரும்பிப் போகக் கப்பல் இல்லாமல் மாதக்கணக்கில் இங்கே முடங்கிக் கிடந்தார். ரங்கூனில் ஆனுக்கு ஒரு தகவலும் இல்லை. அங்கே காலரா. இங்கிலீஷ்காரனோடு சண்டை வரும் என்று பேச்சு. கூட இருந்த அச்சுக்கூடக் குடும்பம் வங்காளத்துக்குக் கிளம்ப, ஆனும் பெட்டியோடு கப்பலில் ஏறிவிட்டார். கப்பல் பழுதென்று கொஞ்சம் தாமதம். அந்த இடைவெளியில் மனதை மாற்றிக்கொண்டு இறங்கி, தனியாக வீட்டுக்குத் திரும்பினார். புருஷன் உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாது. 1818 ஆகஸ்டில் அவர் வந்து சேர்ந்தார். ஆன் கப்பலிலேயே போயிருந்தால் பின்னால் நடந்தது எதுவும் நடந்திருக்காது.

பின்னால் நடந்தது சிறை. 1824இல் இங்கிலீஷ்காரனுக்கும் பர்மா ராஜாவுக்கும் சண்டை. அப்போது இவர்கள் தலைநகர் ஆவாவில் இருந்தார்கள். ஜூன் 8ஆம் தேதி ஜட்சனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ராஜாவைக் கொடுங்கோலன் என்று மட்டும் சொல்லிவிடுவது நியாயமில்லை. அமெரிக்காவிலிருந்து ஜட்சனுக்கு வந்த பணம் கௌகர் என்ற இங்கிலீஷ் வியாபாரி மூலமாகத்தான் கைக்கு வந்தது. கணக்குப் புத்தகத்தைப் புரட்டிய அதிகாரிக்கு இவர் இங்கிலீஷ்காரனிடம் சம்பளம் வாங்கும் உளவாளியாகத்தான் தெரிவார். வெள்ளைக்காரப் படை ரங்கூனைப் பிடித்திருக்கும் நேரத்தில் எந்த ராஜா வேறு மாதிரி நினைப்பான்?

காலில் மூன்று ஜோடி விலங்கு. ராத்திரியில் கால்களுக்கு இடையே மூங்கிலைக் கொடுத்து மேலே தூக்கிவிடுவார்கள், தோளும் தலையும் மட்டும் தரையில் படும். அந்தச் சிறையில் சாப்பாடு கிடையாது. வெளியிலிருந்து யாராவது கொண்டுவந்தால் உண்டு, இல்லையென்றால் பட்டினி. ஆன் கர்ப்பிணி. தினமும் ஒவ்வொரு அதிகாரி வீட்டு வாசலாக ஏறி இறங்கினார். பர்மியப் பெண்களைப்போல உடுத்திக்கொண்டார். பெயர்த்து முடித்திருந்த புதிய ஏற்பாட்டுக் கையெழுத்துப் பிரதியை முதலில் வீட்டுக்கு அடியில் புதைத்தார். ஈரத்தில் கெட்டுவிடும் என்று எடுத்து, யாரும் ஆசைப்படாத மாதிரி கரடுமுரடான தலையணையில் வைத்துத் தைத்துச் சிறைக்குள் கொடுத்தார். (தலையணைக்குள் இருந்தது முழு வேதாகமம் அல்ல, போதகரே.) பின்னால் அதைக் காவலாளிகள் பிடுங்கி, வேண்டாத பஞ்சுச் சுருட்டென்று எறிந்துவிட்டார்கள். மவுங் இங் என்ற பர்மிய விசுவாசி ஐயாவின் ஞாபகமாக இருக்கட்டும் என்று அதை எடுத்து வைத்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாது.

எனக்குத் தலையணையைவிடப் பெரிதாகத் தெரிவது ஒரு பலகாரம். சிறையில் வாடும் புருஷனுக்கு அவர் ஊர்ச் சாப்பாட்டு ருசி கிடைக்கட்டும் என்று ஆன் எருமைக் கறியையும் வாழைக்காயையும் வைத்து, அவர்கள் ஊரில் பண்டிகைக்குச் செய்யும் கறிப் பலகாரம் மாதிரி ஒன்று செய்து அனுப்பினார். அடி தாங்கிய மனுஷன் அதைப் பார்த்ததும் முழங்காலில் தலையைக் கவிழ்த்து அழுதுவிட்டார். சாப்பிட முடியவில்லை, பக்கத்தில் இருந்தவருக்குக் கொடுத்துவிட்டார்.

1825 ஜனவரியில் மரியா பிறந்தாள். மே மாதம் கைதிகளை ஔங்பென்லே என்ற ஊருக்கு வெயிலில் வெறுங்காலோடு நடத்திப்போனார்கள். ஜட்சனின் பாதம் வெந்து தோல் உரிந்தது. கௌகரிடம் வேலை பார்த்த வங்காளி ஒருவர் தன் தலைப்பாகையைக் கிழித்து அவர் காலில் கட்டிவிட்டார். ஆன் மூன்று மாதக் குழந்தையோடும், வளர்த்துவந்த இரண்டு பர்மியப் பெண்பிள்ளைகளோடும், சமையற்கார வங்காளியோடும் படகிலும் மாட்டுவண்டியிலும் பின்னாலேயே போய்ச் சேர்ந்தார். அங்கே பிள்ளைகளுக்குப் பெரியம்மை. சிறைக் காவலனின் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஆனே அம்மை குத்தினார். பிறகு அவரே படுத்துவிட்டார். பால் வற்றிப்போயிற்று. ஜட்சன் காவலனுக்கு ஏதாவது கொடுத்து, விலங்கு போட்ட காலோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு, கைக்குழந்தை இருக்கிற வீடு வீடாகப் போய்ப் பால் கேட்டார். எதிரிநாட்டான் குழந்தைக்குப் பால் கொடுத்த அந்த பர்மியத் தாய்மார்களின் பெயர் ஒன்றுகூட எங்கும் எழுதப்படவில்லை. சம்பளமில்லாமல் அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றிய சமையற்காரரையும் யாரும் பிரசங்கத்தில் சொல்வதில்லை.

1826 பிப்ரவரி 24, யாண்டபோ உடன்படிக்கை. சண்டை முடிந்தது. பிரசங்கமும் இங்கே முடிந்துவிட்டது.

ஆனால் அந்த வருஷமே ஜட்சன், ஆனையும் குழந்தையையும் இங்கிலீஷ்காரர் பிடித்த புதுப்பட்டணம் ஆம்ஹர்ஸ்டில் விட்டுவிட்டு, தூதுக்குழுவோடு மறுபடி ஆவா போனார். உடன்படிக்கையில் மதச் சுதந்திரத்துக்கு ஒரு வரி சேர்த்துவிடலாம் என்ற நம்பிக்கை. அந்த வரி கிடைக்கவில்லை. நவம்பரில் கறுப்பு முத்திரையிட்ட கடிதம் ஒன்று வந்தது. கொடுத்தவர், குழந்தை இறந்த செய்தி என்று சொல்லியே கொடுத்தார். பிரித்தால், அக்டோபர் 24ஆம் தேதி ஆன் இறந்துவிட்டார் என்று இருந்தது. வயது 36. ஆறு மாதம் கழித்து, 1827 ஏப்ரல் 24, மரியாவும் போய்விட்டாள். அம்மா பக்கத்திலேயே புதைத்தார்கள்.

அதன் பிறகு அந்த மனுஷன் உடைந்துபோனார். பல்கலைக்கழகம் கொடுத்த டாக்டர் பட்டத்தை வேண்டாம் என்றார். தன்னைப் பாராட்டிய கடிதங்களை அழித்தார். சொத்தை மிஷனுக்கு எழுதிவிட்டார். ஆன் இறந்த இரண்டாம் வருஷ நினைவுநாளில் மோல்மேன் பக்கத்துக் காட்டில் ஒரு குடிசை போட்டு ஒதுங்கிவிட்டார். ஒரு குழியை வெட்டி அதன் ஓரத்தில் உட்கார்ந்து, தன் உடல் அதில் கிடந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தார். மூன்றாம் நினைவுநாளில் ஆனின் வீட்டாருக்கு எழுதிய கடிதத்தில், கடவுள் இருக்கிறார் என்று நம்புகிறேன், ஆனால் அவரைக் கண்டுகொள்ள முடியவில்லை என்ற பொருளில் எழுதியிருக்கிறார். எழுதியவர் நாத்திகர் இல்லை, தலையணை ஜட்சன்தான்.

நான்கு வருஷம் முன்னால் என் மனைவி தவறினபோது, வந்தவர்கள் எல்லாம் வசனம் சொன்னார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஏறக்குறைய ஒரு வருஷம் எனக்கு ஜெபம் வரவில்லை. கோயிலுக்குப் போவேன், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எழுந்து வருவேன். என் விசுவாசம் பொய் போலிருக்கிறது என்று பயந்தேன், யாரிடமும் சொல்லவில்லை. அந்த நாட்களில்தான் ஜட்சனின் இந்தப் பக்கங்களைப் படித்தேன். சிறையைப் படித்திருந்தால் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. குழியோரம் உட்கார்ந்தவரைப் படித்தபோதுதான் மூச்சு வந்தது.

அவர் எப்படி எழுந்தார் என்று கேட்டால் நாடகமாக ஒன்றும் இல்லை. வேலைதான். மெல்ல மெல்ல ஊர்களுக்குப் போனார், கரேன் மக்களிடையே நடந்தார், பெயர்ப்பு மேஜைக்குத் திரும்பினார். 1834 ஜனவரி 31 பர்மிய வேதாகமம் முடிந்தது. திருத்தி 1840இல் மறுபடி முடித்தார். மியான்மர் சபைகளில் இன்றும் வாசிப்பது அதைத்தான்.

1845இல் 33 வருஷம் கழித்து அமெரிக்கா திரும்பினார். வழியில் இரண்டாம் மனைவி சாராளும் செயின்ட் ஹெலினாவில் இறந்துபோனார். ஊரில் கூட்டம் கூட்டமாக வந்தார்கள், சிறைக் கதை கேட்க. இவருக்கோ தொண்டை கெட்டுக் குரல் எழும்பவில்லை, பக்கத்தில் ஒருவர் நின்று திருப்பிச் சொல்லவேண்டும். அப்படிப் பேசியதிலும் தன் கதையைச் சொல்லாமல் இயேசுவைப் பற்றி மட்டும் சொல்லி உட்கார்ந்துவிடுவார். ஜனங்களுக்கு ஏமாற்றம்.

1850 ஏப்ரல் 12 கடல் பயணத்தில் இறந்து கடலிலேயே அடக்கமானார். மோல்மேனில் இருந்த மூன்றாம் மனைவி எமிலிக்குப் பத்து நாளில் குழந்தை பிறந்து அன்றே இறந்தது. புருஷன் போன செய்தி அவருக்குக் கிடைத்தது ஆகஸ்டில்.

ஆம்ஹர்ஸ்டுக்கு இப்போது கியாய்க்கமி என்று பெயர். மோல்மேனிலிருந்து வந்த குடும்பங்கள் நம் நட்பில் சிலர் இருக்கிறீர்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது அங்கே ஆனின் கல்லறையைப் பார்த்ததாகச் சொல்லியிருந்தால், கீழே எழுதுங்கள்.