உப்பும் வெள்ளரிக்காயும்: ருஷ்ய இல்லங்களின் மாரிகாலச் சேமிப்பு

வெள்ளரிக்கொடியின் தாயகம் இமயமலையின் அடிவாரம் என்பது தாவர நூலார் துணிபு. வெப்பத்தை விரும்பும் அக்கொடி மேற்றிசை நாடுகள் பலவற்றைக் கடந்து, ஈற்றில், ஆண்டின் பெரும்பகுதி குளிரில் உறைந்து கிடக்கும் ருஷ்ய நாட்டைச் சென்றடைந்தது. ருஷ்ய மொழியில் வெள்ளரிக்காயைக் குறிக்கும் 'அகுரேத்ஸ்' என்னுஞ் சொல் பைசாந்தியக் கிரேக்கச் சொல்லொன்றின் வழிவந்தது என்பர். செருமானியரின் 'குர்க்கெ', ஆங்கிலேயரின் 'கெர்க்கின்' ஆகிய சொற்களும் சிலாவிய மொழிகளின் வாயிலாகவே அவர்களை அடைந்தன.

நடு ருஷ்யாவில் மே மாத இறுதியில் உறைபனி நீங்கிய பின்னரே வெள்ளரி விதையைத் திறந்த நிலத்தில் இடலாம். யூலை, ஓகஸ்ட் மாதங்களிற் காய்கள் மலிந்து குவியும். செப்டெம்பரில் ஒரே இரவில் விழும் உறைபனி கொடி முழுவதையும் கருக்கிவிடும். அதன்பின் ஏழெட்டு மாதங்களுக்குத் தோட்டத்திற் பச்சை என்பதே இல்லை. சில வாரங்களின் மிகுதியைக் கொண்டு பல மாதங்களின் வெறுமையை நிரப்புவது எங்ஙனம் என்பதே ஒவ்வோர் இல்லத்தார் முன்னும் ஆண்டுதோறும் நின்ற வினா.

அதற்கு அவர்கள் கண்ட விடை உப்புநீர். நம் நாட்டு ஊறுகாய்க்கு வெயிலும் எண்ணெயும் துணை. ருஷ்ய ஊறுகாய்க்குக் குளிரே துணை. புதிதாகப் பறித்த சிறு காய்களை ஓக்கு மரப் பீப்பாயில் அடுக்கி, சதகுப்பைத் தண்டு, உள்ளிப்பூண்டு, செரி மரத்திலை, ஓக்கு இலை ஆகியவற்றை இடையிடையே பரப்புவர். ஓக்கு இலையின் துவர்ப்பு காயை நறுக்கென்று வைத்திருக்கும். பின்னர் உப்புநீரை வார்த்து, காய்கள் மேலே மிதவாதபடி பலகையிட்டுக் கல்லேற்றுவர். சில நாட்களில் நீர் கலங்கி நுரைக்கும், புளிப்பு ஏறும். அப்பொழுது பீப்பாயைக் குளிர்ந்த நிலவறைக்கு இறக்கிவிடுவர். சிலவிடங்களில் மூடிய பீப்பாய்களை ஆற்றில் அமிழ்த்தி, பனிக்கட்டியின் கீழ் மாரிகாலத்தைக் கழிக்க விடுவதும் உண்டு.

இதன் காரணத்தை அறிவியல் பிற்காலத்திலேயே விளக்கியது. பாலைப் புளிக்கச் செய்யும் நொதிப்பு நுண்ணுயிர்களின் தொழிலே என்பதை 1857 ஆம் ஆண்டிற் பிரான்சியப் பேரறிஞர் லூயி பாஸ்டர் எடுத்துக்காட்டினார். அத்தகைய நுண்ணுயிர்கள் வெள்ளரிக்காயின் தோலிலும் உறைகின்றன. உப்பு, காயினின்றும் நீரையும் வெல்லத்தையும் வெளியே இழுக்கின்றது. அழுகச் செய்யும் பற்றீரியாக்களைத் தடுக்கின்றது. உப்பைத் தாங்கவல்ல நுண்ணுயிர்களோ அவ்வெல்லத்தை இலக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. அவ்வமிலமே காயைக் காக்கும் அரண். உப்புக் குறைந்தால் அரண் எழும்புமுன்னரே காய் அழுகிவிடும். பாஸ்டருக்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே இவ்வளவை இல்லத்தரசியர் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர். 16 ஆம் நூற்றாண்டில் எழுந்த 'தொமஸ்த்ரோய்' என்னும் இல்லற ஒழுக்க நூல், உப்பிட்டுச் சேமிக்க வேண்டியவற்றுள் வெள்ளரிக்காயையும் கூறுகின்றது. 1630களில் மொஸ்கோவுக்குத் தூதுக்குழுவுடன் சென்ற செருமானிய அறிஞர் அடம் ஒலேயாரியுசும் உப்பிட்ட வெள்ளரிக்காயை அந்நாட்டார் உணவுகளுள் ஒன்றாகக் குறித்துள்ளார்.

இது வெறுந் தொடுகறி அன்று. ருஷ்யத் திருச்சபையின் நாட்காட்டியில் ஆண்டிற்கு ஏறத்தாழ 200 நாட்கள் நோன்பு நாட்கள். அந்நாட்களில் இறைச்சியும் பாலும் விலக்கு. ஏழைக் குடியானவனின் கறுத்த ரொட்டிக்குத் துணையாக எஞ்சியவை உப்பிட்ட கோவாவும் காளானும் வெள்ளரிக்காயுமே. ஊறிய நீரையும் அவர்கள் வீணாக்கவில்லை. அதனைக் கொண்டு 'ரஸ்ஸோல்னிக்' என்னும் சூப்பைச் சமைத்தனர்.

தோட்டமும் தண்ணீரும் உழைப்பும் இல்லத்தாரிடம் இருந்தன. உப்பு மாத்திரம் விலை கொடுத்து வாங்க வேண்டிய பொருள். வடபுலத்து ஊற்றுகளின் உவர்நீரை இரும்புத் தட்டுகளிற் காய்ச்சி எடுத்த உப்பு, ஆற்றுவழியாக நெடுந்தூரம் வந்தது. ஸ்த்ரோகனோவ் குடும்பத்தார் பெருஞ்செல்வராக உயர்ந்தது உப்பினாலேயே. ஏழையும் செல்வனும் தவிர்க்கவொண்ணாத பொருள் எதுவோ அதன்மீதே அரசின் கண்ணும் விழுந்தது.

1646 ஆம் ஆண்டில், இளமன்னர் அலெக்சிஸ் காலத்தில், ஆட்சியை நடத்திய பொரிஸ் மொரோசோவ் வேறு சில வரிகளை நீக்கி, ஒரு 'பூட்' உப்புக்கு, அஃதாவது ஏறத்தாழ 16 கிலோகிராமுக்கு, 20 கொப்பெக் வரி விதித்தார். ஓடி ஒளிபவரும் உப்பு வாங்காதிருத்தல் இயலாது என்பது அவர் கணக்கு. கணக்குப் பிழைத்தது. விலை ஏறவே மக்கள் உப்பைச் சுருக்கினர். உப்புப் போதாமல் வொல்கா ஆற்று மீன் அழுகியது. எதிர்பார்த்த வருவாயும் வரவில்லை. 1647 டிசெம்பரில் அவ்வரி கைவிடப்பட்டது. ஆயின் அரசு முன்னர் நீக்கிய வரிகளை நிலுவையோடு கேட்கலாயிற்று. 1648 யூன் மாதத்தில் மொஸ்கோ மக்கள் மன்னரிடம் முறையிட முயன்றனர், விரட்டப்பட்டனர், பின்னர் கொதித்தெழுந்தனர். உப்பு வரிக்குக் காரணர் எனக் கருதப்பட்ட நசார் சிஸ்தோய் கொல்லப்பட்டார். நகரின் பெரும்பகுதி தீக்கிரையாயிற்று. மொரோசோவ் தொலைதூர மடமொன்றிற்கு அனுப்பப்பட்டுத் தப்பினார்.

அக்கிளர்ச்சியின் விளைவாகக் கூடிய பேரவை 1649 ஆம் ஆண்டிற் புதிய சட்டக்கோவையை நிறைவேற்றியது. அதே சட்டக்கோவை குடியானவனை நிலத்தோடு நிலையாகப் பிணித்தும் விட்டது. உப்பின் சுமையும் ஒழிந்தபாடில்லை. 1705 ஆம் ஆண்டில் மகா பீட்டர் உப்பு விற்பனையை அரசின் தனியுரிமையாக்கினார். இரண்டாம் அலெக்சாந்தர் 1880 ஆம் ஆண்டிற் பிறப்பித்த ஆணையாலேயே உப்பு வரி நீங்கியது. குடியானவன் அடிமைத்தளையினின்றும் விடுபட்டு அப்பொழுது 19 ஆண்டுகள் கழிந்திருந்தன.

இருபதாம் நூற்றாண்டிற் பீப்பாயின் இடத்தை மூன்று லீற்றர்க் கண்ணாடிச் சாடி பிடித்தது. நகரத்தார் தம் புறநகர்த் தோட்டத் துண்டுகளிற் காய் பயிரிட்டு, சாடிகளை நிரப்பி, தகர மூடியைக் கைப்பொறியால் இறுக்கி அடைத்தனர். 1991 ஆம் ஆண்டிற் சோவியத் ஒன்றியம் கலைந்தது. 1992 ஆம் ஆண்டில் மட்டும் ருஷ்யாவில் விலைவாசி 25 மடங்குக்கு மேல் உயர்ந்தது. ஆயுட்காலச் சேமிப்புப் பணம் சில மாதங்களில் மதிப்பிழந்தது. கட்டிலின் கீழும் நிலவறையிலும் அடுக்கப்பட்டிருந்த சாடிகள் மதிப்பிழக்கவில்லை. கோடையில் ஒரு குடும்பம் எத்தனை சாடி நிரப்பியதோ அத்தனை வேளைக்கு மாரியில் அதன் உணவு உறுதியாயிற்று.

அரசர் பட்டியலிலும் போர்ப் பட்டியலிலும் இப்பெண்களின் பெயர் இல்லை. ஆயினும், உப்புக்கு விலையேறியபொழுது ஒரு தலைநகரம் பற்றியெரிந்தது ஏன் என்பதை விளங்கிக்கொள்ள விரும்புபவர், அரண்மனையை நோக்குமுன் நிலவறைப் பீப்பாயை நோக்குதல் வேண்டும்.