சல்பெத்திரியேர் முதல் நனோத்துணிக்கை வரை: மரப்பு நோயொன்றின் சிகிச்சை வரலாறு

மருத்துவ வரலாறு பெரும்பாலும் மேதைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. நோயாளர் எவர், எவ்வர்க்கத்தினர் என்ற வினாக்கள் அங்கு எழுவதில்லை. மல்டிப்பிள் ஸ்கிளிரோசிஸ் எனும் நரம்பு மரப்பு நோயின் வரலாற்றை நாம் பாரிஸ் நகரின் சல்பெத்திரியேர் மருத்துவமனையிலிருந்து தொடங்குவது இதனாலேயே. ஆதரவற்ற ஏழைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் அடைக்கலம் புகுந்திருந்த அவ்விடத்தில், 1868 இல் ஷார்கோ இதனைத் தனியொரு நோயாக வரையறுத்தார். உயிரோடிருந்தபோது அவதானித்த நடுக்கத்தையும், இறந்தபின் மூளையிலும் முண்ணாணிலும் கண்ட தழும்புகளையும் அவர் பொருத்திக் காட்டினார். அவ்வறிவுக்கு விலையானவை அப்பெண்களின் உடல்கள். அவர் கையாண்ட மருந்துகளோ ஸ்திரிக்னைனும் தங்கம், வெள்ளி ஆகியவற்றின் உப்புக்களுமே, பயன் விளையவில்லை.

நரம்பிழைகளைச் சூழ்ந்த மயலின் கவசத்தை உடலின் நிர்ப்பீடனத் தொகுதியே சிதைக்கின்றது என்ற கருத்துக்கு வழிதிறந்தது 1933 இல் நியூயோர்க்கின் றொக்பெல்லர் நிறுவனத்தில் நிகழ்ந்த ஆய்வு. றிவேர்ஸ் குழுவினர் முயலின் மூளைச் சாற்றைக் குரங்குகளுக்கு மீண்டும் மீண்டும் ஏற்றி, சிலவற்றில் வாதத்தைத் தோற்றுவித்தனர். பின்னர் சுண்டெலிகளிலும் உண்டாக்கப்பட்ட இச்செயற்கை நோயே புதிய மருந்துகளின் முதற் பரீட்சைக் களமாயிற்று. 1993 இல் ஐக்கிய அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இன்ரபெரோன் பீற்றா, நோயின் மீள்தாக்குதல்களைக் குறைத்தது. அதன்பின் வந்த வலிய மருந்துகள் பல, தவறிழைக்கும் கலங்களோடு காவற் கலங்களையும் சேர்த்தே ஒடுக்கின.

நனோ தொழினுட்பம் வேறொரு வழியைக் காட்டிற்று. அதன் வேர் மருந்தாக்கத்தில் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது. 1960களின் தொடக்கத்தில் கேம்பிறிட்ஜுக்கு அண்மையிலுள்ள பாபிரகாமில், கலமென்சவ்வின் இயல்பை ஆராய்ந்த அலெக் பாங்கம், நீரிலிட்ட கொழுப்புப் பொருள் தானாகவே மூடிய நுண்பைகளாவதை இலத்திரன் நுணுக்குக்காட்டியிற் கண்டார். லிப்போசோம் எனப்படும் அப்பைகளே நனோ மருந்துக் காவிகளின் முன்னோடி.

2012 இல் நோர்த்வெஸ்டேர்ண் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் மில்லரும் சகாக்களும், மயலின் புரதத் துண்டுகளைச் சுமார் 500 நனோமீற்றர் அளவான துணிக்கைகளிற் பிணைத்துச் சுண்டெலிகளின் குருதியிற் செலுத்தினர். அவற்றை உள்ளெடுத்த மண்ணீரலின் பெருந்தின்னிக் கலங்கள், அப்புரதத்தைப் பகையல்லாததாக நிர்ப்பீடனத் தொகுதிக்கு அறிமுகஞ் செய்தன. செயற்கை நோய் தடுக்கப்பட்டது. 2021 இல் பயோன்ரெக் நிறுவனத்தின் உகுர் சாகின் குழுவினர், கொழுப்பு நனோத்துணிக்கையில் தூது ஆர்.என்.ஏ.யைப் பொதிந்து இதனையொத்த பயனைப் பெற்றனர்.

இவ்வெற்றிகளை மிகைப்படுத்தலாகாது. எலியின் நோய் மனிதர் உண்டாக்கியது. எப்புரதத்தால் உண்டாக்கினர் என்பதும் அவர்களுக்குத் தெரியும். மனித நோயாளியில் தாக்குதலைத் தொடக்கிய புரதம் எதுவெனத் தெளிவில்லை. நோய் முதிருந்தோறும் தாக்கப்படும் புரதங்களும் பெருகலாம். எதனைப் பொறுக்குமாறு கற்பிப்பது என்பதே இடர்ப்பாடு.

தங்கமும், நனோ பளிங்குகளாக, நோயாளரிற் பரீட்சிக்கப்பட்டது. நரம்புக் கலங்களின் சக்தியாக்கத்துக்கு உதவுவதே இம்முறை நோக்கம். ஷார்கோவின் உப்புக்கும் இதற்கும் பெயரளவிலன்றி உறவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியல் 1977 இல் தோன்றியது. இந்நோய்க்கான மருந்துகள் அதில் முதன்முறையாக இடம்பெற்றது 2023 இலேயே. அவ்வாறு சேர்க்கப்பட்ட மூன்றனுள் ஒன்றான றிற்றுக்சிமாப், இந்நோய்க்கென உற்பத்தியாளர் உரிமம் பெறாத மருந்து. ஆயினும் அதன் மலிவான மாற்றுத் தயாரிப்புகள் சந்தையில் இருந்தன.