ஊட்டி மலையில் விண்கதிர்

மனிதன் விண்வெளிக்குப் போவதற்குச் சுமார் இருபது ஆண்டுகள் முன்பே, அங்கிருந்து வரும் கதிர்வீச்சைத் தென்னிந்தியாவில் அளந்துகொண்டிருந்தார்கள். 1940-களின் தொடக்கத்தில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இயற்பியலாளர் ஹோமி பாபா காஸ்மிக் கதிர் ஆய்வை நடத்தினார். அவர் நிறுவிய டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 1950-களில் இந்த ஆய்வோடு ஊட்டிக்கு ஏறியது.

ஏறியது உயரத்துக்காக. மரக்காணம் பக்கத்துக் கடலோரத்தில் ஒவ்வொரு சதுர மீட்டர் நிலத்தின் மேலும் ஏறக்குறைய 10 டன் காற்று நிற்கிறது. விண்ணிலிருந்து பாயும் புரோட்டான்கள் அதன் மேலடுக்கிலேயே மோதிச் சிதறிவிடும். அங்கே உப்பு வாருபவரின் உள்ளங்கையை அந்தச் சிதறலில் பிறந்த மியூவான் என்னும் துகள்கள் நிமிடத்துக்கு நூறு அளவில் துளைத்துப் போகின்றன. ஊட்டியின் 2,200 மீட்டர் உயரத்தில் காற்றின் எடை 8 டன்னுக்கு இறங்க, சிதறல் அடர்த்தியாக வந்து விழுகிறது.

டாட்டா நிறுவனம் ஜப்பானியரோடு சேர்ந்து அங்கே நடத்தும் கிரேப்ஸ்-3 ஆய்வில் 3,712 இரும்புக் குழாய்கள் உள்ளன. ஒவ்வொன்றும் 6 மீட்டர் நீளம். உள்ளே வாயு, நடுவே மெல்லிய கம்பி. மேலே 2 மீட்டருக்கும் கூடுதலான கனத்தில் கான்கிரீட். அதையும் துளைத்து வரும் மியூவான் வாயுவிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிரிக்க, கம்பியில் மின்துடிப்பு எழும். 2015 ஜூன் 22 அன்று சூரியப் புயல் பூமியின் காந்தப்புலத்தை நெருக்கியபோது, இந்தக் குழாய்களில் மியூவான் எண்ணிக்கை சுமார் இரண்டு மணி நேரம் கூடியே இருந்தது.

காற்றுக்கு மேலே காஸ்மிக் கதிர் உடலில் நேராகப் படுகிறது. இரும்பு அணுக்கரு போன்ற கனமான துகள் டிஎன்ஏவின் இரு இழைகளையும் சேர்த்து அறுக்கும். செல் அதைத் தவறாக ஒட்டினால் பின்னாளில் புற்றுநோய்க்கு வழி. நிலத்தில் ஓர் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் இயற்கைக் கதிர்வீச்சு. விண்வெளி நிலையத்தில் ஒரே நாளில் அரை மில்லிசீவர்ட் அளவு. செவ்வாய்க்குப் போன கியூரியாசிட்டி ஊர்தி வழியில் அளந்தது நாளுக்கு 1.8 மில்லிசீவர்ட்.

இக்கதிர் முதுமையை விரைவுபடுத்துமா என்பதைப் பொறுத்தவரை உறுதியான சான்று கண்புரை: கூடுதல் கதிர் பட்ட விண்வெளி வீரர்களுக்கு அது முந்தியே வந்தது. அமெரிக்க விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லி 2015-16இல் விண்வெளி நிலையத்தில் 340 நாள் தங்கியபோது, அவரது குரோமோசோம்களின் நுனியில் இருக்கும், வயதோடு தேயும் டெலோமியர்கள் நீண்டன. திரும்பியதும் விரைவாகக் குறுகின. எடையின்மையும் உறக்கக் குறைவும் கூடவே இருந்ததால் பழியைக் கதிர்மேல் மட்டும் போட முடியாது.

இந்தியர்களில் ராகேஷ் சர்மா 1984இல் விண்ணில் இருந்தது எட்டு நாளுக்கும் குறைவு. 2025இல் சுபான்ஷு சுக்லா நிலையத்தில் 18 நாள். இந்தியாவின் ககன்யான் திட்டம் குறிவைப்பது 400 கிலோமீட்டர் உயரத்தில் மூன்று நாள். பூமியின் காந்தப்புலத்தின் காப்புக்குள் நடக்கும் இத்தகைய பயணங்களில் கதிர்வீச்சு பெரிய தடையல்ல.