ஒரு மருந்து போதாது: காசநோயும் சென்னை ஆய்வும்



காசநோய் என்றதும் ஆளை ஒதுக்கி வைக்கும் வழக்கம் நம் பாகான் செராய் பக்கத்துத் தோட்டங்களிலும் உண்டு. மாத்திரை சாப்பிட்டுக் கொஞ்சம் தெம்பு வந்ததும் நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. இரண்டுமே ஏன் தவறு என்பதற்கு வரலாற்றில் பதில் இருக்குங்க.

1943-இல் அமெரிக்காவில் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. பிரிட்டனில் 107 நோயாளிகளை வைத்து அதைச் சோதித்து, 1948-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதத்தில், மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்தார்கள். படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர். பெரிய வெற்றிதானே? ஆனால் ஐந்து ஆண்டுகளில் இறந்தவர்கள் முறையே 32, 35. என்ன நடந்தது? மருந்துக்கு மசியாத சில கிருமிகள் தப்பிப் பெருகிவிட்டன. ஒரு மருந்துக்குத் தப்புவதை இன்னொன்று பிடிக்கும் என்பதால், அதன்பின் மருந்துகளைச் சேர்த்தே கொடுத்தார்கள்.

மருந்து கிடைத்தது, படுக்கைக்கு எங்கே போவது? நம் முன்னோர் கப்பலேறி வந்த தமிழ்நாட்டிலும் இதே கேள்விதான். 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து சென்னையில் ஓர் ஆய்வு மையம் தொடங்கின. தலைமை டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ். ஏழை நோயாளிகளில் ஒரு பாதியினர் வீட்டிலும், மறுபாதியினர் நல்ல சாப்பாடும் ஓய்வும் உள்ள சானடோரியத்திலும் ஓராண்டு ஒரே இரட்டை மருந்தைச் சாப்பிட்டார்கள். 1959-இல் வந்த முடிவு: குணம் ஏறக்குறைய சமம். வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. ஒழுங்காகச் சாப்பிட்ட மருந்துதான் காப்பாற்றியது.

பிறகு ரிஃபாம்பிசின் வந்து சிகிச்சை ஆறு மாதமாகச் சுருங்கியது. அதற்கும் மசியாத கிருமிகள் கிளம்பின. அவற்றுக்காக 2012-இல் பெடாகுவிலின் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இதைப் பிற மருந்துகளோடு சேர்த்து ஆறு மாதம் கொடுக்கலாம் என்று 2022-இல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. முன்பு 18 மாதமும் அதற்கு மேலும் ஆகும். ஆனால் பெடாகுவிலினையும் எதிர்க்கும் கிருமிகள் இப்போதே தென்படுகின்றன.

நான்காம் படிவ வகுப்பில் 4, 14, 32, 35 என்ற எண்களை மட்டும் பலகையில் எழுதுங்க. இடையில் என்ன நடந்திருக்கும் என்று மாணவர்களையே ஊகித்து எழுதச் சொல்லுங்க. கருத்து விளக்கக் கட்டுரைக்கு நல்ல தொடக்கம். வீட்டில் இருமிக்கொண்டிருக்கும் தாத்தாவைக் கிளினிக்குக்கு அழைத்துப் போகவும் அது ஒரு பிள்ளைக்கு உதவலாம்.