தாத்தாவோட துப்பாக்கி, பேரனோட கார்... வழியில் போலீஸ் நிறுத்தினால்?

தேர்தல் தேதி அறிவிச்சாச்சு. லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லித் தகவல் வருகிறது. விருத்தாசலம் பக்கத்தில் நல்லூரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். தாத்தா பேரனைக் கூப்பிட்டு, "டேய், கார்ல வச்சு எடுத்துட்டுப் போய் குடுத்துட்டு வந்துடுறா" என்கிறார். சின்ன வேலைதானே என்று டிக்கியில் போட்டுக்கொண்டு கிளம்பினால், வாகனச் சோதனையில் முதலில் மாட்டுவது பேரன்தான்!

காரில் துப்பாக்கி கொண்டுபோக நம்ம நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. ஆயுதச் சட்டம் 1959-ன்படி, கையில் வைத்திருந்தாலும் வண்டியில் எடுத்துப் போனாலும் லைசென்ஸ் வேண்டும். அந்த லைசென்ஸ் வீட்டுக்கானது அல்ல, ஆளுக்கானது. தாத்தா பெயரில் இருந்தால் தாத்தாவுக்கு மட்டும்தான். இல்லாதவர் எடுத்துப் போனால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை, அபராதமும் உண்டு.

ஒரு சின்ன விலக்கு இருக்கு. ரிப்பேருக்கோ, லைசென்ஸ் புதுப்பிக்கவோ, உரிமையாளரின் பயன்பாட்டுக்கோ என்றால், அவர் கூடவே இருக்கும்போது அல்லது அவர் எழுதிக் கொடுத்த அனுமதியோடு இன்னொருவர் எடுத்துப் போகலாம். தேர்தலுக்கு ஒப்படைப்பது இந்தப் பட்டியலில் வராது. அதனால் வம்பே வேண்டாம். தாத்தாவையும் காரில் ஏற்றுங்கள். நீங்க வண்டியை ஓட்டுங்க, துப்பாக்கி அவர் பொறுப்பில் இருக்கட்டும்.

எப்படி எடுத்துப் போகணும்?

ஆயுத விதிகள் 2016 இதில் தெளிவு. பொது இடத்தில் துப்பாக்கி வெளியே தெரியவே கூடாது. கைத்துப்பாக்கி என்றால் இடுப்பு உறையிலோ பையிலோ, நீளத் துப்பாக்கி என்றால் அதற்கான உறையிலோ முழுசா மூடி இருக்கணும். எடுத்துப் போகிறவரின் கட்டுப்பாட்டிலேயே இருக்கணும். டீ குடிக்கப் போகும்போது காரிலேயே விட்டுட்டுப் போறதெல்லாம் கட்டுப்பாடு ஆகாது. தோட்டாவைக் கழற்றித் தனியாக வைப்பது பாதுகாப்பு. குண்டும் குழியுமான நம்ம ரோட்டில் ரொம்பவே அவசியம்.

போலீஸ்காரர் கேட்டால் லைசென்ஸைக் காட்டியாக வேண்டும். காட்டாவிட்டால் துப்பாக்கியைப் பறிமுதல் செய்ய அவருக்கு அதிகாரம் உண்டு. 'போன்ல போட்டோ இருக்கு சார்' என்பதை நம்பிக் கிளம்பாதீங்க, ஒரிஜினல் கையில் இருக்கட்டும்.

அந்த லைசென்ஸை ஒருமுறை முழுசா படிச்சுடுங்க. எந்தப் பகுதிக்குள் செல்லும் என்று அதிலேயே இருக்கும். கடலூர் மாவட்டக்காரர்கள் இதில் சுலபமா கோட்டை விடலாம். தமிழ்நாட்டுக்குள் மட்டும் என்று இருந்தால், கடலூர் வழியாக ஈ.சி.ஆரில் சென்னை போகக் கூடாது. நடுவில் புதுச்சேரி வந்துடும், அது வேற எல்லை. வேப்பூரில் நான்குவழிச் சாலையைப் பிடித்து உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் வழியாகப் போனால் தமிழ்நாட்டைத் தாண்ட வேண்டியதில்லை. லைசென்ஸ் நிபந்தனையை மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

இன்னொரு நிபந்தனை, திருவிழா, மத ஊர்வலம், பொதுக்கூட்டம், கல்லூரி வளாகம் இங்கெல்லாம் தனி அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாது. விருத்தகிரீஸ்வரர் கோயில் மாசி மகக் கூட்டத்துக்குள் காரை விட்டுட்டு, 'சும்மா வண்டியிலதான் இருந்துச்சு' என்றால் எடுபடாது.

ஏர் ரைஃபிளுக்கும் இதெல்லாம் உண்டா?

கடலூரில் பிறந்த ஒலிம்பிக் வீராங்கனை இளவேனில் வாலறிவனைப் பார்த்துப் பயிற்சிக்குக் கிளம்பியவரா நீங்க? கவலை வேண்டாம். 4.5 மி.மீ. குழல், 20 ஜூலுக்கு மிகாத வேகசக்தி கொண்ட ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. வாங்கிய பில்லை மட்டும் கூட வைத்துக்கொள்ளுங்கள், செக்போஸ்ட்டில் விளக்கம் சொல்லும் நேரம் மிச்சம்.

தாத்தா இறந்துவிட்டால்..?

நிறைய பேர் யோசிக்காத இடம் இது. அவரோடு லைசென்ஸும் முடிந்தது. நினைவுப்பொருளாகப் பரணில் வைத்திருப்பதே குற்றம். தாமதிக்காமல் பக்கத்து காவல் நிலையத்திலோ, லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். நீங்களாகவே காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போகாதீங்க. முதலில் ஸ்டேஷனுக்குச் சொல்லி, அவர்கள் சொல்கிற மாதிரி செய்யுங்கள். ஒப்படைத்ததும் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். வாரிசாக அந்தத் துப்பாக்கியை நீங்களே வைத்துக்கொள்ள விரும்பினால் உங்கள் பெயரில் புதுசா விண்ணப்பிக்கணும், 21 வயது முடிந்திருக்கணும். அதுவரை அது ஸ்டேஷனிலேயே இருக்கட்டும்.