கையும் கலையும்: கவின்கலைப் பட்டத்தின் அடிப்படை ஆண்டு வந்த வரலாறு

ஒரு சமுதாயத்தின் முன்னேற்றத்தைக் கணக்கிடப் புகுவோர், அச்சமுதாயத்தில் வழக்குரைஞர் எத்தனை பேர், மருத்துவர் எத்தனை பேர், அரசு அலுவலர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்ப்பது வழக்கம். வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கமும் அவ்வாறு எண்ணி மகிழ்கின்றது. அம்மகிழ்ச்சி நியாயமானதே. ஆயினும், நம்மில் ஓவியர் எத்தனை பேர், சிற்பி எத்தனை பேர் என்று நாம் கேட்பதில்லை. ஓவியம் வயிற்றுக்குச் சோறிடுமா என்ற கேள்வி முந்திக்கொள்கின்றது. இக்கேள்வி வறுமையிலிருந்து பிறந்தது. ஆகவே இதனை நாம் இகழ்வதற்கில்லை. ஆனால், அதற்கு விடை காண வேண்டுமாயின், கவின்கலைக் கல்வி நம் நாட்டில் எவ்வாறு தோன்றியது, அதன் முதலாண்டில் கற்பிக்கப்படுவது யாது, அதில் நமக்குரிய பங்கு யாது என்பனவற்றை வரலாற்று முறையில் அறிதல் வேண்டும். விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து இளைஞர்களுக்காக அவ்வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாக எழுதுகின்றோம்.

நம் மண்ணின் சான்றுகள்

கலை என்பது எங்கோ தொலைவிலுள்ள பொருளன்று. விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்வாலைப் பாறைகளில், வரலாற்றுக்கு முற்பட்ட மாந்தர் செங்காவியால் தீட்டிய கோட்டுருவங்கள் இன்றும் காணப்படுகின்றன. செஞ்சிக்கும் விழுப்புரத்திற்கும் இடைப்பட்ட மண்டகப்பட்டில், 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த கோயில் உள்ளது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகியவை இல்லாமலே இதனை அமைத்ததாக அவனது கல்வெட்டு பெருமையுடன் அறிவிக்கின்றது. விழுப்புரத்திற்கு அண்மையிலுள்ள பனமலையில், 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயிலில் பல்லவர் காலத்து உமையின் ஓவியம் சிதைந்தும் அழகு குன்றாமல் நிற்கின்றது.

இவற்றைக் கண்டு பெருமிதம் கொள்ளும்போதே இரண்டு செய்திகளை நாம் மறத்தலாகாது. ஒன்று: மண்டகப்பட்டுக் கல்வெட்டு அரசன் பெயரைச் சொல்கின்றது, உளி பிடித்தவன் பெயரைச் சொல்லவில்லை. மகேந்திரவர்மனுக்குச் ‘சித்திரகாரப்புலி’ என்ற விருதுப்பெயர் உண்டு. அவன் காலத்தில் சுண்ணம் அரைத்தவர்க்கும் காவி குழைத்தவர்க்கும் விருதுப்பெயர் எதுவும் வரலாற்றில் இல்லை. மற்றொன்று: கோயிலுக்குள் இருந்த கலையைக் காணும் உரிமையே நம் முன்னோர்க்கு மறுக்கப்பட்டிருந்தது. 1947இல் சென்னை மாகாணக் கோயில் நுழைவுச் சட்டம் வந்த பின்னரே அவ்வுரிமை சட்டத்தின் துணையைப் பெற்றது. படைப்போன் பெயரற்றவனாகவும் காண விழைவோன் வாயிலுக்கு வெளியிலும் நின்ற காலம் அது.

1850இல் திறந்த பள்ளி

சென்னையில் அரசு மருத்துவராகப் பணியாற்றிய அலெக்சாண்டர் ஹண்டர் என்பார், 1850ஆம் ஆண்டில் தம் சொந்த முயற்சியில் கலைப்பள்ளி ஒன்றைத் தொடங்கினார். 1852இல் அதனை அரசு ஏற்றுக்கொண்டது. சென்னை எழும்பூரை அடுத்த பெரியமேட்டில் இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக விளங்குவது அப்பள்ளியே. இந்தியாவில் ஐரோப்பிய முறையில் அமைந்த கலைப்பள்ளிகளுள் இது மிகப் பழமையானவற்றுள் ஒன்று.

அப்பள்ளியின் தொடக்க நோக்கம் ஓவியரை உருவாக்குவது மட்டுமன்று. தொழில் கற்பிப்பதும் ஆகும். மட்பாண்டம் வனைதல், செதுக்கு வேலை, அச்சுக்குரிய படம் வெட்டுதல் முதலியவை அங்கே பயிற்றுவிக்கப்பட்டன. வரைதற் பாடமோ, இங்கிலாந்தின் தென் கென்சிங்டன் கலைப்பள்ளி வகுத்த வழியில் நடந்தது. முதலில் அச்சிட்ட படத்தைப் பார்த்து நேர்கோடும் வளைகோடும் வரைதல். பின்னர்ச் சுண்ணச் சாந்தில் வார்த்த உருவங்களைப் பார்த்து ஒளியும் நிழலும் தீட்டுதல் என்று படிப்படியாக அது அமைந்திருந்தது. கையும் கண்ணும் அதனால் பழகின என்பது உண்மை. ஆயினும் கிரேக்கச் சிலையின் வார்ப்பைப் பார்த்து வரைந்த மாணவன், தன் தெருவில் நடந்த மனிதனைப் பார்த்து வரைய நெடுங்காலம் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1884இல் இப்பள்ளிக்குக் கண்காணிப்பாளராக வந்த ஈ. பி. ஹேவல், இந்நாட்டுக் கைத்தொழில்களைத் தேடி ஆராய்ந்து, இந்தியக் கலைக்குத் தனித்த மதிப்பு உண்டென்று வாதாடியவராவார்.

நம் சமுதாயம் கூர்ந்து நோக்க வேண்டிய நிகழ்ச்சி ஒன்று இப்பள்ளியின் வரலாற்றில் உண்டு. ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற பொறியியல் ஆசிரியர் 1898 அளவில் இங்கே அலுமினியப் பாத்திரம் செய்யும் தொழிலைத் தொடங்கினார். பின்னர் குரோம் முறையில் தோல் பதனிடும் ஆய்விலும் ஈடுபட்டார். சேரியில் தோலைத் தொட்டவன் தீண்டத்தகாதவன் எனப்பட்ட அதே காலத்தில், அரசுக் கூடத்தில் தோலைத் தொட்டவர் தொழில் வல்லுநர் எனப்பட்டார். இரண்டு இடத்திலும் தோல் தோலே. தொட்ட கையும் மனிதக் கையே. வேறுபட்டது அக்கைக்கு உலகம் இட்ட பெயர். சாதி என்பது வேலையைப் பிரிப்பதோடு நில்லாமல் வேலை செய்வோரையே பிரித்து வைக்கின்றது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இல் விளக்கிய கருத்துக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

தொழிற்பள்ளி கலைக்கல்லூரி ஆனமை

1929 அளவில் இப்பள்ளியின் தலைமையை ஏற்ற தேவி பிரசாத் ராய் சௌத்ரி, அப்பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர் ஆவார். ஏறத்தாழ 28 ஆண்டுகள் அப்பொறுப்பில் இருந்து, ஓவியமும் சிற்பமும் இங்கே முதன்மை பெறச் செய்தார். வார்ப்புருவைப் பார்த்து வரைவதோடு நிற்காமல், உயிருள்ள மனிதனைப் பார்த்து வரைதலும் வெளியிடங்களுக்குச் சென்று வரைதலும் ஊக்கம் பெற்றன. அவர் வடித்து 1959இல் சென்னைக் கடற்கரையில் நிறுவப்பெற்ற உழைப்பாளர் சிலையை நம்மில் பலர் கண்டிருப்போம். பாறையொன்றைப் பெயர்க்க நால்வர் முயலும் காட்சி அது. அரசனோ தலைவனோ அல்லாமல், இடுப்புத் துணியோடு நிற்கும் கூலியாள் வெண்கலத்தில் வடிக்கப்பட்டுப் பெருஞ்சாலையோரம் நிற்பது, கலை வரலாற்றில் மட்டுமன்றி நம் வரலாற்றிலும் ஒரு திருப்பமாகும்.

அவருக்குப்பின் 1957 முதல் 1967 வரை கே. சி. எஸ். பணிக்கர் முதல்வராக இருந்தார். மேனாட்டுப் பாணியைப் பின்பற்றுவதை விடுத்து, கோட்டின் வன்மையை முதலாகக் கொண்ட சென்னை மரபொன்று உருவாக அவர் வழிகோலினார். 1966இல் கலைஞர்கள் தம் கையுழைப்பால் வாழ்வதற்கெனச் சோழமண்டலக் கலைஞர் கிராமம் தோன்றியதும் அவர் முயற்சியால்தான். நம் அண்டையூராகிய திருவண்ணாமலையில் பிறந்த ஏ. பி. சந்தானராஜ், கோட்டோவியத்தில் பெரும்பெயர் பெற்று, பயின்ற இக்கல்லூரிக்கே முதல்வராகவும் உயர்ந்தார்.

விடுதலைக்குப் பின் பல்கலைக்கழகங்களும் கலைக்குப் பட்டம் வழங்க முன்வந்தன. பரோடா பல்கலைக்கழகம் 1950இல் கவின்கலைப் புலம் அமைத்து முன்னோடியாயிற்று. தமிழ்நாட்டிலும் பழைய பட்டயப் படிப்பு காலப்போக்கில் நான்காண்டுப் பட்டப் படிப்பாயிற்று. 2013இல் இசைக்கும் கவின்கலைக்கும் எனத் தனிப் பல்கலைக்கழகமே தமிழ்நாட்டில் நிறுவப்பெற்றது.

அடிப்படை ஆண்டு எங்கிருந்து வந்தது?

இப்பட்டப் படிப்பில் மாணவர் ஓவியம், சிற்பம் எனப் பிரியும் முன்னர் அனைவரும் பொதுவாகக் கற்கும் அடிப்படைப் பயிற்சிக்கு உலகளாவிய வரலாறு ஒன்று உண்டு. 1919இல் ஜெர்மனியின் வைமார் நகரில் பௌஹவுஸ் என்ற கலைப்பள்ளி தோன்றியது. அதில் யோஹன்னஸ் இட்டன் என்ற ஆசிரியர், புதிதாக வருவோர்க்கெல்லாம் ஒரு முன்னோடிப் பயிற்சியை வகுத்தார். மரம், கம்பளி, உலோகம், கண்ணாடி முதலியவற்றைத் தொட்டுணர்ந்து அவற்றின் தன்மையை அறிவதே முதற் பாடம். பழைய சித்திரத்தைப் பார்த்தெழுதும் வேலை அங்கே முதலிடம் பெறவில்லை. பின்னர் அப்பயிற்சியை நடத்திய யோசப் ஆல்பர்ஸ், வெறுந்தாளை மட்டும் கொடுத்து, துண்டு வீணாகாமல் மடித்தும் வெட்டியும் உருவம் படைக்கச் சொன்னார். குறைந்த பொருளில் நிறைந்த பயன் காண்பதே அவர் கற்பித்த நெறி. நாசிகளின் நெருக்குதலால் 1933இல் அப்பள்ளி மூடப்பட்டது. அதன் ஆசிரியர்களும் மாணவர்களும் பல நாடுகளுக்குச் சிதறியதால் அதன் முறை உலகெங்கும் பரவியது. பௌஹவுஸ் கலைஞர்களின் படைப்புகள் 1922இலேயே கல்கத்தாவில் காட்சிக்கு வைக்கப்பட்டன என்பது குறிப்பிடத்தக்கது. இங்கிலாந்தில் 1960இல் கோல்ட்ஸ்ட்ரீம் குழு, பட்டயப் படிப்புக்கு முன் அடிப்படைப் பயிற்சி வேண்டுமெனப் பரிந்துரைத்தது.

முதலாண்டில் கற்பது யாது?

அடிப்படை ஆண்டில் பணிக்கூடமே வகுப்பறை. மாணவன் கரித்துண்டால் குடம், செங்கல், துணி மடிப்பு ஆகியவற்றை வரைகின்றான். பொருளை வரைவதோடு பொருளுக்கும் பொருளுக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தையும் காணப் பழகுகின்றான். தொலைவிலுள்ளது சிறுத்துத் தோன்றும் கணக்கைக் கற்கின்றான். சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றையும் கலந்து எண்ணற்ற நிறங்களை ஆக்குகின்றான். ஒரே சாம்பல் நிறம் மஞ்சளின் நடுவே ஒன்றாகவும் நீலத்தின் நடுவே வேறாகவும் தோன்றுவதை உணர்கின்றான். களிமண்ணைப் பிசைந்து காற்றை நீக்குகின்றான்; பெரிய உருவமாயின் உள்ளே கம்பிச் சட்டம் நிறுத்தி மண் சாத்துகின்றான். பதிப்போவியத்திற்கு மரப்பலகையையோ லினோலியத்தையோ செதுக்குகின்றான். இவற்றோடு கலை வரலாறும் பயில்கின்றான்.

இப்பாடங்களை நினைத்துப் பாருங்கள். ஈரம் உலராத மண் சூளையில் வெடிக்கும் என்பதை வேட்கோவர் வீட்டுப் பிள்ளை பள்ளிக்குச் செல்லுமுன்பே அறியும். தோலை எவ்வளவு இழுத்துக் கட்ட வேண்டும், எவ்வளவு நேரம் தீயில் காட்டினால் எந்த ஒலி எழும் என்பதைப் பறை கட்டுவோர் கையறிவாலே அறிவர். நாற்றின் வரிசையைக் கண்ணளவில் பிடித்து நடும் நம் தாய்மாரின் கை, அளவு தவறாத கை. பொருளைத் தொட்டறிதல் என்று ஐரோப்பாவில் 1919இல் புதுமையாகப் போற்றப்பட்ட கல்வி, நம்மிடம் பட்டமின்றி, கூலியும் மதிப்பும் குறைந்து கிடந்தது. இதனால், கற்காமலே நாம் கலைஞர் என்று சொல்ல வரவில்லை. கையறிவு வேறு, அதனை ஆராய்ந்து அறியும் கல்வி வேறு. முன்னது நம்மிடம் உண்டு. பின்னதைப் பெறுதல் வேண்டும் என்பதே நாம் சொல்வது.

திறந்திருக்கும் வாயில்கள்

சென்னைக் கல்லூரியில் ஓவியம், சிற்பம், பதிப்போவியம், காட்சிவழித் தொடர்பு, ஆடை வடிவமைப்பு, சுடுமண் கலை ஆகிய துறைகள் உண்டு. கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கின்றது. மாமல்லபுரத்தில் 1957இல் தோன்றிய அரசு கட்டடக் கலை மற்றும் சிற்பக் கலைக் கல்லூரியில் மரபுச் சிற்பம் கற்பிக்கப்படுகின்றது. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே சென்ற சிற்ப நூலறிவு, இன்று விண்ணப்பம் செய்யும் எவர்க்கும் உரியதாயிருப்பது சிறு மாற்றமன்று. அண்டையிலுள்ள புதுச்சேரியில் பாரதியார் பல்கலைக்கூடம் உண்டு; அதன் சேர்க்கை விதிகள் வேறு. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் ஆதிதிராவிடர்க்கு 18 விழுக்காடும் பழங்குடியினர்க்கு 1 விழுக்காடும் இடம் ஒதுக்கப்பட்டுள்ளது; 18க்குள் அருந்ததியர்க்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2009 முதல் உண்டு. மேல்நிலைத் தேர்வில் தேறியவர் விண்ணப்பிக்கலாம். மதிப்பெண்ணோடு வரையும் திறனும் சோதிக்கப்படும்.

இங்கேதான் நம் இளைஞர் தயங்குகின்றனர். நகரத்துப் பிள்ளைக்கு வரைதல் வகுப்பும் வண்ணப்பெட்டியும் கிடைத்திருக்கும். நம் பிள்ளைக்குக் கிடைத்திரா. ஆனால் அடிப்படை ஆண்டின் சிறப்பே, அது அனைவரையும் ஒரு கோட்டிலிருந்து தொடங்கச் செய்வதுதான். அடுப்புக்கரியும் பழைய செய்தித்தாளும் போதும். நாள்தோறும் ஒரு மணி நேரம் கண்ணெதிரே உள்ளதை வரைந்து பழகுங்கள். செயற்கையான அழகு வேண்டா. உழவு மாடும் ஓலைக் குடிசையும் பேருந்து நிலையக் கூட்டமும் போதிய பாடங்கள்.

சோற்றுக்கு வழியுண்டா என்பார்க்கும் விடை உண்டு. பள்ளி ஓவிய ஆசிரியர் பணி, துணி வடிவமைப்பு, விளம்பரம், பதிப்பகம், திரைப்படக் கலை இயக்கம் எனத் துறைகள் பல. சென்னைக் கவின்கலைக் கல்லூரியில் பயின்ற பா. இரஞ்சித், 2012இல் ‘அட்டகத்தி’ படத்தின் வாயிலாகத் திரையுலகில் நுழைந்து, நம் மக்களின் வாழ்வைத் தலை நிமிர்ந்த கோலத்தில் திரையில் காட்டியதை நாடறியும்.

சோற்றினும் பெரிய தேவை ஒன்று உண்டு. 1943இல் வங்காளம் பஞ்சத்தில் மடிந்தபோது, சித்தபிரசாத் என்ற ஓவியர் ஊர் ஊராக நடந்து பட்டினி மக்களை வரைந்தார். அந்நூலின் படிகளை ஆங்கில அரசு கைப்பற்றி அழித்தது. கோட்டுக்கு அரசு அஞ்சிய வரலாறு அது. 1978இல் நம் விழுப்புரத்தில் நம்மவர் 12 பேர் கொல்லப்பட்டனர். அத்தகைய துயரங்களும், அவற்றைக் கடந்து நாம் எழுந்த எழுச்சியும் பிறர் எழுதிய அறிக்கைகளில் மட்டும் தங்கிவிடலாகாது. நம்மவர் கையால் கோட்டிலும் மண்ணிலும் வண்ணத்திலும் அவை பதிதல் வேண்டும்.

மண்டகப்பட்டில் உளி பிடித்தவன் பெயர் நமக்குத் தெரியாது. இனிப் பிறக்கும் படைப்புகளின் அடியில் படைத்தவர் பெயர் இருக்கும். அப்பெயர்களுள் நம் பெயரும் இருக்க வேண்டும். ஒதுக்கிய இடங்களை நிரப்பாமல் விட்டுவிட்டு, இடமில்லை என்று வருந்துவதில் பொருளில்லை. பெற்றோர் தடுக்காதிருப்பாராக, இளைஞர் தயங்காதிருப்பாராக. தாளும் வண்ணமும் வாங்க இயலாத மாணவர்க்குத் துணை நிற்பதை அடுத்த 25 ஆண்டுகளின் கடமைகளுள் ஒன்றாக நாம் அனைவரும் மேற்கொள்வோமாக.